கத்தியைக் கழற்றி வைத்த எட்ஸியோ

வீடியோ கேம் நாயகர்களுக்கு ஓய்வூதியம் கிடையாது. ஒரு பாகம் நன்றாக விற்றால் அடுத்த பாகம் வரும். விற்காவிட்டால், கதையை அடியிலிருந்து தொடங்குகிறோம் என்று இன்னொரு பாகம் வரும். முட்டி தேய்ந்தாலும் முடி நரைத்தாலும் ஆளை விடமாட்டார்கள். 2007இல் தொடங்கி இன்னும் ஓடிக்கொண்டிருக்கும், ரகசியக் கொலையாளிக் கூட்டம் ஒன்றின் கதையான அசாசின்ஸ் க்ரீட் தொடரில் ஒரே ஒருவனைத்தான் மரியாதையாக வழியனுப்பி வைத்தார்கள் என்பது என் கட்சி. அவன் எட்ஸியோ ஆடிடோரே. 2009 நவம்பரில் வந்த இரண்டாம் பாகத்தில் பிறந்து, 2010இல் பிரதர்ஹுட், 2011இல் ரெவலேஷன்ஸ் என்று மூன்று கேம்களுக்குள் தாடி நரைத்து, போதும் என்று சொல்லிவிட்டுப் போனவன்.

பிறந்தான் என்று சும்மா சொல்லவில்லை. இரண்டாம் பாகத்தில் நாம் அவனை முதலில் பார்ப்பதே 1459ஆம் ஆண்டு ஃப்ளாரன்ஸ் நகரத்தில், ஒரு பிரசவ அறையில். குழந்தை அசையவில்லை. அப்பா ஜியோவானி கையில் வாங்கிப் பார்க்கிறார். நீ ஆடிடோரே, போராடு என்கிறார். திரையில் பட்டன் படங்கள் வருகின்றன. ஒன்றை அழுத்தினால் குட்டிக் கை அசைகிறது, இன்னொன்றை அழுத்தினால் கால் உதைக்கிறது. பிற்பாடு கூரை கூரையாகத் தாவுவதற்கும் காவலர்களை வெட்டிச் சாய்ப்பதற்கும் அதே பட்டன்கள்தான். ஒரு ஆளுடைய முதல் உதையையே நம் விரலால் போட வைத்துவிட்டார்கள். அதற்கு மேல் அவன் நமக்கு அந்நியனாக இருக்க முடியுமா?

அப்போது கிருஷ்ணகிரிக்காரர்களுக்குக் கேம் ஆடுகிற மாதிரி கம்ப்யூட்டர் வேண்டுமென்றால் பெங்களூர் எஸ்.பி. ரோடுதான் கதி. பெரியப்பா மகன், எனக்கு அண்ணன், ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போனார். போர்டு, ராம், கிராபிக்ஸ் கார்டு என்று கடை கடையாகப் பேரம் பேசி வாங்கி, அட்டைப் பெட்டியை மடியிலேயே வைத்துக்கொண்டு ஓசூர் வழியாக ஊர் வந்து சேர்ந்தார். அப்படியும் கேம் சுலபத்தில் ஓடாது. நிழல் வேண்டாம், புகை வேண்டாம், ரெசல்யூஷன் குறைவாக இருந்தால் போதும் என்று ஒவ்வொன்றாக அணைத்த பிறகுதான் ஃப்ளாரன்ஸ் திக்கித் திணறி அசையும். அவர் ஒரு மணி நேரம், நான் ஒரு மணி நேரம் என்று பேச்சு. அவருடைய ஒரு மணி நேரம் எப்போதும் கொஞ்சம் நீளம்.

அம்மா முறத்தோடு வந்து உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே பார்ப்பார். "ஏண்டா, அந்த ஆளுக்கு வாசல் வழியா போகத் தெரியாதா? எப்பப் பாரு செவுரு ஏறிட்டே இருக்கான்" என்பார். எங்கள் வீட்டில் எட்ஸியோவுக்கு அதுதான் பெயர். செவுரு ஏறுறவன்.

ஏறுவதுதான் அந்தத் தொடரின் உயிர். கோபுரத்தின் உச்சிக்கு ஏறி நின்றால் கேமரா சுற்றி வந்து நகரம் முழுவதையும் காட்டும். பிறகு கீழே இருக்கும் வைக்கோல் வண்டியில் தலைகீழாகக் குதிக்க வேண்டும். கிருஷ்ணகிரிப் பையன்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. ஊருக்கு நடுவிலேயே சையத் பாஷா மலை நிற்கிறது. விஜயநகரக் காலத்துக் கோட்டை. பின்னால் ஐதர் அலி, திப்பு கைக்குப் போய், 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையோடு பாராமகால் என்று அப்போது அழைக்கப்பட்ட எங்கள் பகுதி மொத்தமும் ஆங்கிலேயரிடம் போனபோது இதுவும் போனது. மேலே தர்கா இருக்கிறது. விளிம்பில் நின்று பார்த்தால் நாலாபக்கமும் நெடுஞ்சாலை, லாரி, தூரத்தில் அணைத் தண்ணீர். அங்கே போகும் போதெல்லாம் கூட்டத்தில் ஒருவனாவது கையை விரித்து நின்று, "டேய், கீழ வைக்கோல் இருக்கா பாரு" என்பான். இருந்ததில்லை.

இரண்டாம் பாகத்தின் தொடக்கத்துக்கு வருகிறேன். எட்ஸியோவுக்குப் பதினேழு வயது. பாலத்தில் ஒரு அடிதடி, கல்லடி பட்டு உதட்டில் வெட்டு. அந்தத் தழும்பு கடைசிவரை போகாது. அண்ணன் ஃபெடரிகோவோடு பந்தயம் வைத்துத் தேவாலயத்தின் உச்சிக்கு ஏறுகிறான். இருவரும் நின்று ஊரைப் பார்க்கிறார்கள். நல்ல வாழ்க்கைதான், இது மாறவே கூடாது என்று பேசிக்கொள்கிறார்கள். ஜெஸ்பர் கிட் போட்ட இசை மெல்ல எழும்ப, அப்போதுதான் கேமின் பெயரே திரையில் வருகிறது. அடுத்த சில மணி நேர ஆட்டத்துக்குள் அப்பா, ஃபெடரிகோ, சின்னத் தம்பி பெட்ருச்சியோ மூவரையும் நடுத்தெருவில் தூக்கில் போட்டுவிடுகிறார்கள்.

பெட்ருச்சியோ நோயாளிப் பிள்ளை. சாவதற்கு முன்னால் கூரையில் விழுந்து கிடக்கும் இறகுகளை எடுத்துவரச் சொல்லி அண்ணனைக் கேட்டிருப்பான். எதற்கு என்று கேட்டால் ரகசியம் என்பான். அந்தச் சாவுகளுக்குப் பிறகு அம்மா மரியா பேசுவதையே நிறுத்திவிடுகிறார். கேம் முழுக்க நகரம் நகரமாக 100 இறகுகள் ஒளிந்திருக்கின்றன. பொறுக்கிக் கொண்டுவந்து அம்மாவின் அறையிலிருக்கும் பெட்டியில் போடலாம். கட்டாயம் இல்லை. ஆனால் நூறும் சேர்ந்தால் அம்மா வாயைத் திறந்து பேசுவார். நான் இணையத்தில் வரைபடம் பார்த்துத்தான் எல்லாவற்றையும் முடித்தேன். என் அம்மா பார்த்துவிட்டு, "பாவம், அந்தப் பொம்பள" என்று மட்டும் சொன்னார். கேமைப் பற்றி அவர் குறை சொல்லாமல் பேசியது அந்த ஒரு முறைதான்.

பிரதர்ஹுட்டை வேகமாகக் கடந்துவிடலாம். ரோம் நகரம், போர்ஜியா குடும்பம், நம் பேச்சைக் கேட்டு வேலை செய்யும் ஒரு படை. ஆட ஆட இன்பம், அதில் சந்தேகமில்லை. ஆனால் எட்ஸியோ என்ற மனிதன் அதில் பெரிதாக மாறுவதில்லை. நாற்பதைத் தாண்டியவன், பலசாலி, எல்லாம் தெரிந்தவன். அங்கேயே நிறுத்தியிருந்தால் அவனும் ஒரு சாதாரண நாயகனாகத்தான் நின்றிருப்பான்.

ரெவலேஷன்ஸ் வந்தபோது பலருக்குப் பிடிக்கவில்லை. வருடத்துக்கு ஒன்று என்று மூன்றாவது, அலுப்பு. புதிதாகச் சேர்த்த டென் டிஃபென்ஸ் என்ற கோட்டை காக்கும் பகுதி படு மோசம், அதை இன்றும் ஆதரித்துப் பேச மாட்டேன். வெடிகுண்டு தயாரிக்கும் வேலையும் பாதி நேரம் தேவையே இல்லாதது. ஆனால் இந்த மாம்பழ சீசனில் மூன்றையும் திரும்ப ஆடியபோது, கடைசி கேம்தான் மனதில் உட்கார்ந்தது.

1511. எட்ஸியோவுக்கு 52 வயது. (இங்கே கிருஷ்ணதேவராயர் பட்டத்துக்கு வந்து இரண்டு வருடம். எங்கள் ஊர்ப் பெயரே அவரால் வந்தது என்று ஒரு பேச்சு உண்டு.) முதல் பாகத்து நாயகனான அல்தாயிர், மஸ்யாஃப் கோட்டையில் ஒரு நூலகத்தைப் பூட்டி வைத்துவிட்டுப் போயிருக்கிறான். அதற்கு ஐந்து சாவிகள். அவற்றைத் தேடி எட்ஸியோ கான்ஸ்டான்டினோபிள் வருகிறான். கதையின் ஆரம்பத்திலேயே மஸ்யாஃபில் அவன் கழுத்தில் தூக்குக் கயிறு மாட்டுகிறார்கள். அப்பாவுக்கும் தம்பிக்கும் மாட்டிய அதே கயிறு என்று நமக்குத் தோன்றும். கேம் அதைச் சொல்லாது.

அவன் ஏன் ஓய்வு பெறுகிறான் என்பதற்கு இந்த கேம் நியாயமான காரணங்களைச் சேர்க்கிறது. வயசாகிவிட்டது என்பது மட்டும் காரணம் இல்லை. தாரிக் என்ற படைத்தலைவனைத் துரோகி என்று நம்பிக் கொல்கிறான். செத்துக்கொண்டிருக்கும்போதுதான் தெரிகிறது, அவன் சுல்தானுக்கு விசுவாசமாக எதிரிகளுக்குள் ஊடுருவியவன் என்று. அடுத்து கப்படோசியாவில், பூமிக்கடியில் இருக்கும் ஊரில், வெடிமருந்துக் கிடங்கைக் கொளுத்துகிறான். புகை சூழ்கிறது. சம்பந்தமில்லாத சனங்கள் மூச்சுத் திணறி ஓடுகிறார்கள், விழுகிறார்கள். மூன்று கேம்களாக நாம் சந்தோஷமாகச் செய்துவந்த வேலையின் கணக்கு அங்கே வருகிறது. எதிரியே அவனைப் பார்த்து, இத்தனை பேரை நீதானே கொன்றாய் என்று கேட்கும்போது, அவனிடம் சரியான பதில் இல்லை. ஆடுகிற என்னிடமும் இல்லை.

நடுவில் சோஃபியா வருகிறாள். புத்தகக் கடை வைத்திருப்பவள். சாவிகள் இருக்கும் இடத்துக்குப் பழைய புத்தகங்கள்தான் வழிகாட்டி. அவளுக்காக எட்ஸியோ டியூலிப் பூப் பறித்துக் கொண்டுவருகிற ஒரு வேலை இருக்கிறது. அரண்மனை விருந்தில் பாட்டுக்காரன் வேடம் போட்டு வீணை மாதிரியான ஒரு வாத்தியத்தைத் தட்டிக்கொண்டு, தன்னைப் பற்றியே அபத்தமாகப் பாடுகிற வேலையும் இருக்கிறது. சுருதி சேரவே சேராது. இவ்வளவு பெரிய கொலைகாரனை இப்படி அசடு வழிய விட்டிருக்கிறார்களே என்று அண்ணன் அப்போது கோபப்பட்டார். எனக்கென்னவோ இந்தக் காட்சிகள் இல்லாமல் அந்த முடிவு நின்றிருக்காது. கத்தியை வைத்துவிட்டுப் போகிறவனுக்குப் போய்ச் சேர ஒரு இடம் வேண்டும் அல்லவா?

ஒவ்வொரு சாவிக்குள்ளும் அல்தாயிரின் ஒரு நினைவு இருக்கிறது. வாலிபனாக, தலைவனாக, எல்லாம் இழந்து திரும்பி வருகிற கிழவனாக அவனை நாம் ஆடுகிறோம். கிழவர் ஓடமாட்டார். நாம் பட்டனை எவ்வளவு அழுத்தினாலும் மெல்லத்தான் நடப்பார். முதல் பாகத்தில் இதே கோட்டையில் குதித்துத் திரிந்தவர். விரல் பழக்கத்தில் ஓடப் பார்க்கிறது, உடம்பு ஒத்துக்கொள்ளவில்லை. முதுமையை வசனத்தில் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். ஆடுகிறவனின் விரலுக்கு அதைத் தெரிவிப்பது கேமால் மட்டும்தான் முடியும்.

கடைசியில் 1512. ஐந்து சாவிகளோடு எட்ஸியோ மஸ்யாஃபுக்குத் திரும்புகிறான், கூடவே சோஃபியா. ஆரம்பத்தில் எதிரிப் படை நிறைந்திருந்த கோட்டை இப்போது காலி. பழகிய தோஷம், எந்த மூலையிலிருந்து எவன் பாய்வான் என்று கை தயாராகவே இருக்கும். எவனும் வரமாட்டான். சோஃபியா உங்கள் கூட்டத்தின் கொள்கைக்கு என்ன அர்த்தம் என்று கேட்கிறாள், இவன் நடந்துகொண்டே சொல்கிறான். அவ்வளவுதான் அந்தக் கடைசி வேலை. சண்டையே கிடையாது.

நூலகத்தைத் திறந்தால் புத்தகம் ஒன்றுகூட இல்லை. நாற்காலியில் அல்தாயிரின் எலும்புக்கூடு உட்கார்ந்திருக்கிறது. 92 வயதில், 1257இல், தானே உள்ளே போய்க் கதவை அடைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து செத்திருக்கிறார். அந்த நடையையும் நாமே நடந்து பார்க்கிறோம். இத்தனை வருடத் தேடலுக்குப் பலன், தனக்கு முன்னால் இதே வேலையைப் பார்த்த ஒரு கிழவரின் எலும்பு. பக்கத்திலேயே உலகத்தை ஆளும் சக்தி கொண்ட, ஆப்பிள் என்ற பழம்பொருள் இருக்கிறது. எட்ஸியோ அதைத் தொடவில்லை. ஒரு வாழ்நாளுக்குப் போதுமான அளவு பார்த்தாயிற்று என்கிறான்.

பிறகு கைகளில் கட்டியிருந்த கத்திகளை அவிழ்க்கிறான். ஒவ்வொன்றாகத் தரையில் போடுகிறான். ஆயுதங்கள் கல் தரையில் விழுகிற சத்தம். அப்புறம் வெற்றிடத்தைப் பார்த்து ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறான். டெஸ்மண்ட்.

தொடர் தெரியாதவர்களுக்காக: டெஸ்மண்ட் நம் காலத்து ஆள். ஒரு இயந்திரத்தில் படுத்துக்கொண்டு முன்னோர்களின் நினைவுகளை ஓட்டிப் பார்ப்பவன் அவன்தான். நாம் எட்ஸியோவை ஆடுவது என்பதே டெஸ்மண்ட் எட்ஸியோவைப் பார்ப்பதுதான். இரண்டாம் பாகத்தின் முடிவில், 1499இல், மினர்வா என்ற தெய்வம் மாதிரியான ஒருத்தி எட்ஸியோவைத் தாண்டி நம்மைப் பார்த்து டெஸ்மண்ட் என்று பேசியிருப்பாள். யார் அது என்று புரியாமல் எட்ஸியோ சுற்றிலும் திரும்பிப் பார்த்திருப்பான். அந்தப் பெயரை 13 வருடம் மனதில் வைத்திருந்திருக்கிறான். நீ யாரென்று தெரியாது, எங்கேயோ இருந்து பார்த்துக்கொண்டிருக்கிறாய், என் வேலை முடிந்தது, இனி உன் பாடு என்கிற மாதிரி பேசுகிறான். அந்த நேரத்தில் கண்ட்ரோல் நம் கையில் இல்லை. பிறந்த அன்று கையையும் காலையும் நாம் ஆட்டிய ஆள், இப்போது நம் உதவி இல்லாமல் பேசுகிறான். அதற்குப் பின் ஜூபிட்டர் தோன்றி நீளமாக உரையாற்றுவார். சரி, அது வேறு கதை.

இந்த கேம்களை எடுத்த இதே கம்பெனி, அடுத்த வருடமே, அந்த டெஸ்மண்டுக்கு என்ன செய்தது என்று பாருங்கள். ஐந்து கேம்களாக மொத்தக் கதையையும் தாங்கியவன் அவன். 2012இல் வந்த மூன்றாம் பாகத்தின் கடைசியில் உலகத்தைக் காப்பாற்ற ஒரு கருவியைத் தொடுகிறான், சுருண்டு விழுந்து சாகிறான். முடிந்தது. உலகத்துக்காக உயிரையே கொடுத்தவனுக்கு யாரும் அழவில்லை. ஆயுதத்தைக் கழற்றி வைத்துவிட்டு உயிரோடு வெளியே போனவனுக்குத் தொண்டை அடைத்தது. சாகடித்தால் விடைகொடுத்தல் ஆகிவிடும் என்று கதை எழுதுகிறவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள்.

மற்ற தொடர்களிலும் முயன்றிருக்கிறார்கள். 2008இல் மெட்டல் கியர் சாலிட் 4, ஸ்னேக்கை இருமும் கிழவனாக்கி, மைக்ரோவேவ் வெப்பம் அடிக்கும் ஒரு நீண்ட நடைவழியில் தவழ விட்டது. பட்டனை விடாமல் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும், நம் கையும் வலிக்கும். 2016இல் அன்சார்ட்டட் 4, நேத்தன் டிரேக்கைச் சோபாவில் மனைவி பக்கத்தில் உட்கார்த்திப் பழைய கிராஷ் பாண்டிகூட் ஆட வைத்தது. கடைசி அத்தியாயத்தில் அவன் மகளை நம் கையில் கொடுத்தது. இரண்டும் அருமை. யாகுசா தொடரின் கிரியூதான் சிரிப்பு. 2016இல் ஜப்பானில் வந்த ஆறாம் பாகத்தில் செத்ததாக ஊரை நம்ப வைத்துவிட்டுப் போனார். 2020இல் தலை காட்டினார், 2023இல் அவரையே நாயகனாக்கி ஒரு கேம், 2024இல் புற்றுநோயோடு இன்னொன்று. கல்யாண வீட்டில் கிளம்புகிறேன் என்று எழுந்து செருப்பையும் மாட்டிக்கொண்டு வாசலிலேயே ஒரு மணி நேரம் பேசும் மாமாவைப் போல. அவரையும் எனக்குப் பிடிக்கும், அது தனிக் கட்டுரை.

எங்கள் பக்கத்துக்காரன் வீரனின் விடைபெறலைப் பற்றி எழுதிவிட்டு நடுகல்லைப் பற்றிப் பேசாமல் போக முடியாது. தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலும் வயலோரம், ஏரிக்கரை, புளியமரத்தடி என்று நடுகற்கள் நிற்கின்றன. இரண்டு ஊர் அருங்காட்சியகங்களிலும் வரிசையாக வைத்திருக்கிறார்கள். எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சி ஆண்டு, யாருடைய ஆள், எந்த மாட்டு மந்தையை மீட்கப் போய் விழுந்தான் என்று சில வரிகளில் வட்டெழுத்தில் வெட்டியிருக்கும். மேலே உருவம். கையில் வில்லோ வாளோ, உடம்பில் தைத்த அம்பு, ஒரு கால் முன்னால். நான் பார்த்த கல் ஒன்றிலும் கிழவன் இல்லை. சண்டையில் விழுந்தவனுக்குத்தான் கல். வீட்டுக்குத் திரும்பிப் பிள்ளை பெற்று நரைத்துப் போனவனுக்கு என்ன வைத்தார்கள் என்று அந்த வரிசையின் முன்னால் நின்று யோசித்திருக்கிறேன்.

அதியமானின் நடுகல்லைப் பற்றி ஒளவையார் பாடியது புறநானூற்றில் 232ஆம் பாட்டு. தகடூர்தான் தருமபுரி, ஆகையால் எங்களுக்கு இது வீட்டுச் சாவு மாதிரி. கல்லுக்குப் பீலி சூட்டி, சிறு கலத்தில் கள் ஊற்றுகிறார்கள். மலைநாட்டையே கொடுத்தாலும் வாங்காதவன் இதையா வாங்கிக்கொள்வான் என்று கேட்கிறார் ஒளவை. பீலி என்றதும் எனக்கு பெட்ருச்சியோவின் இறகுப் பெட்டிதான் நினைவுக்கு வந்தது. மான்ட்ரியாலில் அந்த கேமைச் செய்தவர்கள் புறநானூறு படித்திருக்க வாய்ப்பில்லை. செத்தவனுக்கு இறகு சேர்த்து வைக்கத் தோன்றுவதற்குப் படிக்க வேண்டிய அவசியமும் இல்லை போல.

எட்ஸியோவின் சாவை கேமில் காட்டவில்லை, தனியாக எம்பர்ஸ் என்ற சின்ன அனிமேஷன் படமாக எடுத்தார்கள். 1524, டஸ்கனியில் திராட்சைத் தோட்டம், மனைவி, இரண்டு பிள்ளைகள், 65 வயது. ஃப்ளாரன்ஸ் சந்தைக்குப் போன இடத்தில், பெஞ்சில் உட்கார்ந்தபடியே உயிர் போகிறது. யாரும் குத்தவில்லை. கேமை முடித்த கையோடு இதைப் பார்க்கச் சொல்லிப் பலரும் சிபாரிசு செய்வார்கள். நான் செய்யமாட்டேன். சில மாதம் விட்டுப் பாருங்கள். கத்திகள் தரையில் விழுந்த சத்தத்தோடு அவனைக் கொஞ்ச நாள் உயிரோடு விட்டுவைப்பது நல்லது.

கம்பெனியும் அதற்குப் பிறகு அவனை மட்டும் தனி நாயகனாக்கிப் புது கேம் எடுக்கவில்லை. 2016இல் பழைய மூன்றையும் மெருகேற்றி ஒரே தொகுப்பாக விற்றார்கள். 2023இல் நெக்ஸஸ் என்ற விஆர் கேமில் மூன்று நாயகர்களில் ஒருவனாகக் கொண்டுவந்தார்கள். ஆகவே முழுக்க விட்டுவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. ரெவலேஷன்ஸ் வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை, சோல்கேலிபர் 5 என்ற ஜப்பானியச் சண்டை கேமில் விருந்தாளியாக வந்து கத்தியைச் சுழற்றிக்கொண்டிருந்தான். கழற்றி வைத்தானே, மறுபடியும் யார் மாட்டிவிட்டது என்று நான் அண்ணனிடம் புலம்பினேன்.

"குடும்பஸ்தன் ஆயிட்டான்லடா, சம்பாதிக்க வேணாமா?" என்றார்.